சத்தமில்லாத வெடி எது? வாங்கும் முன் ஒரு முற்றத்துக் கணக்கு

"சத்தமில்லாத வெடி ஏதாவது இருக்கா மக்கா?"

குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் சித்தப்பா மகன் போடும் சீசன் வெடிக்கடையில் மூன்று வருடம் கூடமாட நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. கேட்பவர்கள் நான்கு வகை: மடியில் கைக்குழந்தை உள்ளவர்கள், வீட்டில் நெஞ்சுவலிக்காரர் இருப்பவர்கள், நாய் வளர்ப்பவர்கள், தொழுவத்தில் பசு கட்டியிருப்பவர்கள். வெளியூர்களில் தீபாவளி முடிந்தால் இந்தக் கவலையும் முடிந்துவிடும். நமக்கு அப்படியில்லை. தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுவில் பங்குத் திருவிழா, அம்மன் கோவில் கொடை என்று அதே நாய் வருடத்தில் நாலைந்து தடவை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய வேண்டியிருக்கிறது.

கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில்களில் பாதி தப்பு. எப்படித் தப்பானது என்று பின்னால் சொல்கிறேன். இப்போது கேட்டால் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக் கொடுக்க மாட்டேன். உங்கள் வீட்டு முற்றம் எத்தனை செண்ட், சுற்றி என்ன மரம், தொழுவத்தில் யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சு.

## எதை வைத்து எடை போடுவது

சத்தம். பெட்டியில் எழுதியிருப்பதை மறந்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: மருந்து திறந்த வாய் வழியாக எரிகிறதா, மூடிய உறைக்குள் எரிகிறதா? வாய் திறந்திருந்தால் வாயு வெளியே ஓடிவிடும். 'புஸ்' என்ற சீறல்தான் கேட்கும். நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் வாயு உறையைக் கிழித்துக்கொண்டு வரும், அதுதான் 'டமார்'. லட்சுமி வெடியும் பூச்சட்டியும் (புஸ்வாணம்) சத்தத்தில் இவ்வளவு தூரம் வித்தியாசப்படுவதற்கு இந்தக் கட்டுமானம்தான் முக்கியக் காரணம்.

மிருகங்களுக்கு இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு அது சுமார் 45,000, பூனைக்கு 60,000க்கும் மேல். ஆகவே நமக்கு 'மெல்லிசா ஒரு விசில்' என்று தோன்றுவது நாய்க்கு அப்படி இருக்காது. அளவை விடவும் மோசமானது திடீர் என்று வருவது. சீராகச் சீறும் ஒலிக்கு ஓரளவு பழகும் நாய், எப்போது வரும் என்று தெரியாத சின்ன 'டப்'புக்குக்கூட நடுங்கும்.

புகை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சத்தம் குறைந்தால் புகையும் குறையும் என்று ஒரு நம்பிக்கை. நேர்மாறாகவும் இருக்கலாம். புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் ஒவ்வொரு வகையாகக் கொளுத்தி, பி.எம். 2.5 என்னும் நுண்துகள் எவ்வளவு கிளம்புகிறது என்று அளந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் மைக்ரோகிராம் கணக்கில் பாம்பு மாத்திரை 64,500, ஆயிரம் வாலா சரம் 38,540, கம்பி மத்தாப்பு 10,390, தரைச்சக்கரம் 9,490, பூச்சட்டி 4,860. சத்தமே போடாத பாம்பு மாத்திரைதான் எல்லாவற்றுக்கும் மேல். "இது ஒண்ணும் செய்யாது" என்று இரண்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கிறோமே, அதே மாத்திரை. இந்த ஒப்பீட்டில் அதற்கு இனி இடமில்லை.

தீ. நம் மாவட்டத்துக்கு இது தனிக் கணக்கு. தீபாவளி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு வரும். விளை (தோட்டம்) நனைந்து கிடக்கும், தீப்பிடிக்கும் பயம் குறைவு. கிறிஸ்துமஸ் அப்படியில்லை. குலசேகரம், அருமனை, கடையாலுமூடு பக்கம் ரப்பர் மரங்கள் டிசம்பர் கடைசியிலிருந்து இலை உதிர்க்கத் தொடங்கும். கணுக்கால் வரை காய்ந்த சருகு. தென்னந்தோப்பு என்றால் காய்ந்த பாளை உறையான கொதும்பும், மட்டையடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடையும். அடுப்புப் பற்றவைக்க நாம் தேடிப்போய் எடுக்கிற அதே பன்னாடைதான் மரத்தின் உச்சியிலும் தொங்குகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆட்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலை நிற்கிற இடத்தில் ராக்கெட் எங்கே போகும் என்று ராக்கெட்டுக்கே தெரியாது.

மறுநாள். கம்பி, சட்டி ஓடு, அட்டை, வெடிக்காமல் கிடக்கும் மருந்து. நாய் கடிக்கும், கோழி கொத்தும், பசு மேயும்.

செலவு. பெட்டி விலையைப் பார்க்காமல் எத்தனை நிமிடம் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள் என்பதைப் பாருங்கள். சிவகாசி விலைப் பட்டியலில் '80 சதவீதத் தள்ளுபடி' என்று இருப்பதைப் பார்த்து மயங்குவதில் அர்த்தமில்லை. அந்தத் தள்ளுபடிக்காகவே ஏற்றிப் போட்ட விலை அது.

## 'பசுமைப் பட்டாசு' என்றால் சத்தம் குறைவா?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாக்பூரில் உள்ள நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம் வகுத்துக் கொடுத்த பசுமைப் பட்டாசுகள் 2019இல் வந்தன. பேரியம் உப்பை விலக்குவதும் துகள் மாசைச் சுமார் 30 சதவீதம் குறைப்பதும்தான் அவற்றின் முக்கிய நோக்கம். பெட்டியில் பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும். வாங்கினால் அதையே வாங்குங்கள். 2018 அக்டோபர் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மற்றவை விற்கவே கூடாது. ஆனால் பச்சை முத்திரை போட்ட அணுகுண்டும் அணுகுண்டுதான்.

சட்டம் சொல்லும் சத்த வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல். 1999இலிருந்து இதுதான் விதி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். அப்படியானால் 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113. ஐந்து செண்ட் என்பது ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் சதுரம். அதிலும் பாதியை வீடு பிடித்துக்கொள்ளும். விதிக்கு உட்பட்ட வெடியை மதில் ஓரம் வைத்தாலும் நாய் படுத்திருக்கும் வராந்தாவில் 115க்கு மேல்தான் இருக்கும். மதிலும் சுவரும் எதிரொலிப்பதைச் சேர்த்தால் இன்னும் கூடுதல். ஆகவே சின்ன முற்றத்துக்கு மூடிய உறை வகை எதுவுமே சரிவராது. கீழே வருகிற ஐந்தும் அது கழிந்து மிச்சம். நாலாவது ஒன்று மட்டும் மிச்சம் மாதிரி நடிப்பது.

## கம்பி மத்தாப்பு

சத்தக் குறைவில் இதை மிஞ்ச ஆளில்லை. லேசான பொரிதல் மட்டும்தான். ஆனால் 'கிராக்கிளிங்' என்று பெட்டியில் போட்டிருந்தால் அதை வைத்துவிடுங்கள். கடுகு தாளிக்கிற மாதிரி படபடக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு.

ஒன்று, சூடு. எரியும் முனை 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த பிறகும் கம்பி நன்றாகச் சுடும். ஆனால் சிவப்பாகத் தெரியாது. கடைக்கு வந்த ஒரு மைனி தன் மகனின் உள்ளங்காலைக் காட்டினார். கோடு கிழித்த மாதிரி ஒரு தழும்பு. எரிந்து முடிந்த கம்பியைத் தரையில் போட்டிருக்கிறான், அடுத்ததைக் கொளுத்த ஓடும்போது தானே மிதித்திருக்கிறான். சின்னப் பிள்ளைகளுக்கு 7 சென்டிமீட்டர் போதும் என்று வாங்கிக் கொடுப்பது தப்பு. குட்டைக் கம்பியில் தீ விரலுக்குச் சீக்கிரம் வந்துவிடும். 30 சென்டிமீட்டர் கொடுங்கள், முழுக்கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மை, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

இரண்டு, கம்பி. பசு புல்லை நறுக்கிக் கடித்துத் தின்பதில்லை; நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்கும். புல்லோடு போன கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வுத் தடுப்பு மட்டுமே. வயிறு சுருங்கும்போது கம்பி குத்திக்கொண்டு முன்னால் போகும். பசு தீனி எடுக்காது, பால் குறையும், முதுகை வளைத்து நிற்கும். கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய் இது. காரணம் கண்டுபிடிப்பதற்குள் தீபாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கும். மத்தாப்பு யாருக்கும் நினைவில் இருக்காது.

எப்போது நல்லது: ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பக்கத்திலேயே நிற்கும் பெரியவர் ஒருவர், மூன்று செண்ட் முற்றம். மொட்டை மாடிக்கும் இதுதான்.

## பூச்சட்டி

வடக்கே இதைப் புஸ்வாணம் என்பார்கள். என் கணக்கில் முற்றத்துக்கு முதல் இடம் இதற்குத்தான். வாய் திறந்தது, சீரான சீறல், தொடக்கமும் முடிவும் படிப்படியாக வரும். புனே அளவில் புகையும் இதற்குத்தான் குறைவு. பத்து பேர் சுற்றி நின்று ஒரே நேரத்தில் பார்க்கலாம், யார் கையிலும் தீ இல்லை. கம்பி மத்தாப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று வேண்டும். இங்கே ஒரு சட்டி வீட்டுக்கே போதும். அந்த வகையில் செலவும் குறைவுதான்.

கடையில் 'பிக்', 'ஸ்பெஷல்', 'அசோகா', 'டீலக்ஸ்' என்று அளவுகள் ஏறிக்கொண்டே போகும். பெரிதாக வாங்கினால் அதிக நேரம் எரியும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதிக உயரமும் போகும். தென்னை ஓலை தாழ்ந்து வரும் முற்றத்தில் டீலக்ஸ் வைப்பது வீண்வம்பு. 'பிக்' அளவில் பத்து வாங்கி ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். கலர் மாறும் வகைகளில் சில நடுவில் படபடக்கும், சில விசிலடிக்கும். மயில் மாதிரி விரியும் வகையையும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பழைய வெள்ளி, தங்கப் பொறிச் சட்டிதான் நாய் உள்ள வீட்டுக்கு உகந்தது. டைட்டானியம் வெள்ளிப் பொறி கொடுக்கும், இரும்புத்தூள் தங்க நிறம். இரண்டுக்கும் தனியாகச் சத்தம் தேவைப்படாது.

இதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: சில சமயம் வெடிக்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால் தவிர்க்கலாம். சட்டிக்குள் மருந்தை இறுக்கி அடைத்திருப்பார்கள். மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காக எரிய வேண்டும். மழையில் ஈரம் ஏறிக் காய்ந்த மருந்தில் விரிசல் விழும். தீ அந்த விரிசலுக்குள் இறங்கினால் ஒரே நேரத்தில் நிறைய மருந்து எரியும், சின்ன வாய் வழியாக வாயு வெளியேற முடியாமல் சட்டியே பிளக்கும். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. ஆகவே போன வருட மிச்சம் வேண்டாம். நனைந்த சட்டியை வெயிலில் காய வைத்துச் சரிசெய்யும் பழக்கமும் வேண்டாம். வாளியில் ஊறப்போட்டு ஒழித்துவிடுங்கள். திரி எரிந்தும் பூக்காத சட்டியைக் குனிந்து பார்க்கவே கூடாது. கொளுத்துவதற்கு நீட்டக் கம்பி மத்தாப்பு அல்லது ஊதுவத்தி, தீக்குச்சி இல்லை.

சமதளத்தில், பாதி செங்கல்லின் மேல் வையுங்கள். ஐந்து மீட்டர் விலகல். சருகு முழுவதும் கூட்டி அள்ளிவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும்.

## தரைச்சக்கரம்

சத்தம் பூச்சட்டி அளவுதான்: 'விர்ர்' என்று சுழலும் சீறல். குறை சத்தத்தில் இல்லை, தரையில். சக்கரத்துக்குச் சமமான, வழுவழுப்பான தரை வேண்டும். மணல் முற்றத்தில் சுற்றாமல் ஒரே இடத்தில் நின்று புகையும். இப்போது எல்லா வீட்டிலும் போடும் இன்டர்லாக் கல்லில் இடுக்கில் தட்டித் துள்ளும். எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. துள்ளி வருவதைத் துரத்துவது நாயின் இயல்பு. பயப்படும் நாயை உள்ளே அடைத்துவிடலாம், பயப்படாத நாய்தான் இங்கே ஆபத்து. சிவப்பு ஆக்சைடு தரையில் விழும் கருப்பு வட்டம் பொங்கல் வரை போகாது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொளுத்துவது உங்கள் பாதுகாப்புக்கு.

சிமெண்ட் களம் உள்ள வீடு, செருப்புப் போட்ட பிள்ளைகள், அடைத்துவைத்த நாய்: மூன்றும் சேர்ந்தால் சரி.

## 'சத்தமில்லாத' ஷாட்

அட்டைக் குழாய்களை அடுக்கிக் கட்டிய பெட்டி; 12, 30, 60 என்று எண்ணிக்கை ஏறும். வானத்தில் பூ விரியும். கிறிஸ்துமஸ் இரவுக்கு இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நானும் மூன்று வருடம் "மேலே போய்க் கலர் மட்டும்தான் மைனி, சத்தமே இல்லை" என்று சொல்லி விற்றேன். என் வீட்டிலேயே கொளுத்திப் பார்க்கும்வரை அதை நம்பவும் செய்தேன்.

அதில் என்ன நடக்கிறது? குழாயின் அடியில் கருமருந்து வெடித்து உருண்டையை மேலே தள்ளுகிறது: ஒரு 'தொம்'. மேலே போனதும் உறையைப் பிளந்து பொறியைச் சிதறடிக்க இன்னொரு மருந்து: ஒரு 'டப்'. அந்த இரண்டாவதைக் குறைக்கலாம், முதலாவதை ஒழிக்க முடியாது. முப்பது ஷாட் என்றால் குறைந்தது முப்பது 'தொம்', அதுவும் ஒழுங்கில்லாத இடைவெளியில். நாய்க்கு எது மோசம் என்று மேலே சொன்னேனோ, அதுவேதான்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய். லட்சுமி வெடிக்குக்கூடக் குரைத்துவிட்டு நிற்கும் தைரியசாலி. நாலாவது 'தொம்'முக்குக் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடியது. பட்டை மட்டும் தூணில் கிடந்தது. மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து ஓடைப் பாலத்துக்கு அடியில் கண்டுபிடித்தோம். கூப்பிட்டால் வரவில்லை, நான் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன். "நாய்க்கு இவ்வளவு பேடி (பயம்) கொடுத்து அந்த வெளிச்சத்தைப் பார்க்கணுமா?" என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

தவிர, பெட்டி சாய்ந்தால் குழாய் எல்லாம் பக்கவாட்டில் சுடும். பொறி எரிந்தபடியே தென்னை உச்சியில் இறங்கலாம். அட்டைத் துண்டுகள் பக்கத்து வீட்டு ஓட்டில், கிணற்றில். விலையும் எல்லாவற்றிலும் கூடுதல். முப்பது ஷாட் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் இதற்கு இடமே இல்லையா? உண்டு: தெருவே சேர்ந்து பணம் போட்டு, வீடுகளிலிருந்து தள்ளி, அறுவடை முடிந்த வயலிலோ பந்து விளையாடும் மைதானத்திலோ ஒரே நேரத்தில் கொளுத்துவது. பத்து வீடு பத்து நேரத்தில் கொளுத்துவதை விட, முன்கூட்டியே சொல்லிவைத்த பத்து நிமிடம் மிருகங்களுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் நல்லது. தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களின் பக்கம் மட்டும் அந்த எண்ணமே வேண்டாம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசைப் பறவைகள் வந்து தங்குவதும் நாம் வெடி வாங்குவதும் ஒரே மாதங்களில்தான். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக ஊரே வெடி போடாமல் இருக்கிறது.

## மாவலி

கடையில் கிடைக்காத ஒன்றையும் சேர்க்கிறேன். கார்த்திகைத் தீபத்தன்று சுற்றுவது. ஆண் பனையின் பூந்தண்டைக் காயவைத்து, குழியில் போட்டு மூட்டமாக எரித்துக் கரியாக்கி, இடித்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டுவார்கள். அதைப் பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்து இறுக்கிக் கயிறு கட்டி, முனையில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் தங்கப் பொறி வட்டமாகக் கொட்டும். கரிப்பொறி மட்டும்தான், உலோக உப்பு கிடையாது, வெடிச்சத்தம் கிடையாது. காற்றைக் கிழிக்கும் 'ஊ' என்ற ஒலி ஒன்றுதான். பிள்ளைகள் கம்பி மத்தாப்பைக் கீழே போட்டுவிட்டு இதைப் பார்ப்பார்கள்.

குறை: செய்யத் தெரிந்த ஆள் வேண்டும், இரண்டு நாள் உழைப்பு வேண்டும், சுற்றுபவர் பெரியவராக இருக்க வேண்டும். பொறி பரவலாகப் பறக்கும், அதனால் ரப்பர்ச் சருகுக்கும் ஓலைக்கூரைக்கும் பக்கத்தில் கூடாது. நைலான், பாலியஸ்டர் துணி போட்டுக்கொண்டு சுற்றக் கூடாது. இன்னும் பனை நிற்கிற அகஸ்தீஸ்வரம், ராஜாக்கமங்கலம் பக்கத்தார் ஒரு தடவை முயன்று பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| | சத்தம் | புகை | தீ ஆபத்து | மறுநாள் தொல்லை | செலவு | தேவைப்படும் இடம் |
|---|---|---|---|---|---|---|
| கம்பி மத்தாப்பு | மிகக் குறைவு | நடுத்தரம் | கைக்கும் காலுக்கும் | கம்பி. பசுவுக்கு ஆபத்து | குறைவு | 2-3 செண்ட் |
| பூச்சட்டி | சீறல் | குறைவு | ஈரம் ஏறினால் வெடிக்கும் | சட்டி ஓடு | குறைவு | 5 செண்ட் |
| தரைச்சக்கரம் | சீறல் | நடுத்தரம் | துள்ளும் | தரையில் கறை | குறைவு | சிமெண்ட் களம் |
| 'சத்தமில்லாத' ஷாட் | தொம், டப் | அதிகம் | சாய்ந்தால் பெரிது | அட்டை, எரியாத மருந்து | மிக அதிகம் | திறந்த மைதானம் |
| மாவலி | காற்றொலி மட்டும் | குறைவு | பொறி பரவும் | சாம்பல் | உழைப்பு மட்டும் | சருகில்லாத வெட்டவெளி |

## உங்கள் வீட்டுக்கு எது

கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் இருக்கிற வீடு: நாலைந்து பூச்சட்டி, காற்று வீட்டுக்கு எதிர்த்திசையில் போகும்போது. குழந்தை ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்க்கட்டும். கம்பி மத்தாப்பைத் தூக்கிப் பிடித்து முகத்துக்கு நேரே காட்டுகிற பழக்கம் வேண்டாம்.

நாய் அல்லது பூனை மட்டும்: பூச்சட்டியும் கிராக்கிளிங் இல்லாத மத்தாப்பும்.

பசு, ஆடு, கோழி: பூச்சட்டி மட்டும், அதுவும் தொழுவத்துக்கு மறுபக்கம். நாய் ஓடி ஒளியலாம், கட்டிப்போட்ட பசுவுக்கு அந்த வழியும் இல்லை. கூட்டில் அடைத்த கோழிகள் மிரண்டால் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கும். அன்று சாயங்காலமே கூட்டைச் சாக்கு போட்டு மூடிவிடுங்கள்.

ரப்பர் விளைக்கு நடுவே வீடு: தீபாவளிக்கு வேண்டுமானால் பூச்சட்டி. கிறிஸ்துமஸுக்கு மொட்டை மாடியில் மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். நட்சத்திரமும் குடிலும் இருக்கவே இருக்கிறது.

நேரக் கணக்கையும் மறக்க வேண்டாம். 2018க்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது இரவு 11.55 முதல் 12.30 வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இந்த நேரக்கட்டுப்பாடு மிருகம் வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி: எப்போது சத்தம் வரும் என்று முன்பே தெரியும். ஏழு மணிக்கு வெடி என்றால் நாயை ஐந்தரைக்கே நடத்திக் கூட்டிவந்து, சாப்பாடு கொடுத்து, ஜன்னல் இல்லாத உள் அறையில் விசிறியைப் போட்டு விட்டுவிடலாம். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள், அது தேர்ந்தெடுத்த இடம் அது. முந்தைய வருடம் மிகவும் நடுங்கிய நாய் என்றால் ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் மனிதர்களின் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். சில மயக்க மருந்து உடம்பைத்தான் கட்டிப்போடும். பயம் அப்படியே உள்ளே இருக்கும், ஓடவும் முடியாது.

வாங்குவதில் ஒரு சொல். உரிமம் பெற்ற கடையில் நேரில் வாங்குங்கள். ஆன்லைன் விற்பனைக்கு 2018 உத்தரவிலேயே தடை. சிவகாசியில் மலிவு என்று வாங்கி ரயிலில் கொண்டுவருவது ரயில்வே சட்டப்படி குற்றம்.

எங்கள் வீட்டில் இப்போது பட்டியல் சின்னது. பத்து பூச்சட்டி, நீட்டக் கம்பி மத்தாப்பு ஐம்பது. அரை மணி நேரத்துக்கு மேல் போகிறது. மத்தாப்பை நான்தான் எண்ணிக் கொடுப்பேன். எரிந்த கம்பியை வாளியில் போட்டால்தான் அடுத்தது. காலையில் காபிக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்து எண்ண வேண்டும். போன தடவை ஐம்பதில் நாற்பத்தேழுதான் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு, செம்பருத்திச் செடியின் மூட்டில் ஒட்டியது. மூன்றாவதைத் தேடி மதில் ஓரமாகப் போனால், பக்கத்து வீட்டுப் பசு வழக்கமாக மேய வரும் இடத்தில், புல்லுக்குள் நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது.